புரவியை யார் தூக்குவது?

புரவியெடுப்பு என்றதும் எல்லோருக்கும் அந்த ஊர்வலம்தான் நினைவுக்கு வரும். வெள்ளையடித்து, சிவப்பும் நீலமும் மஞ்சளும் தீட்டி, மாலை போட்ட மண் குதிரைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கொட்டு முழங்க ஐயனார் கோயிலுக்கு ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். படம் எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்களும் அன்றைக்குத்தான் வருகிறார்கள். ஆனால் எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் அந்த விழா அதற்குப் பல நாள் முன்னாலேயே, கேமரா எதுவும் வராத ஒரு நாளில் தொடங்கிவிடுகிறது. அதுதான் பிடிமண் கொடுக்கும் நாள்.

நல்ல நாள் பார்த்து ஊர்க்காரர்கள் கோயிலில் கூடுவார்கள். ஊர்த் தலைவரான அம்பலகாரரோ, அந்தந்த ஊர் வழக்கப்படி உரிமை உள்ள பெரியவரோ, ஒரு பிடி மண்ணை வெற்றிலை பாக்கோடு, மண் வேலை செய்யும் குயவரான வேளார் கையில் கொடுப்பார். வேளார் அதைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டு போய், குதிரைக்குப் பிசையும் களிமண்ணோடு சேர்ப்பார். சடங்கு சீக்கிரம் முடிந்துவிடும். அதற்கு முன்னால் நடக்கும் பேச்சுதான் நீளம். யார் கையால் கொடுப்பது, ஊரின் எந்தக் கரைக்கு, அதாவது எந்தப் பிரிவுக்கு, எத்தனை புரவி, தலைக்கட்டு வரி எவ்வளவு, போன தடவை பாக்கி வைத்தவர்களிடம் யார் பேசுவது, கோபித்துக்கொண்டு ஒதுங்கியிருக்கும் பங்காளி வீட்டை யார் போய் அழைப்பது. இதெல்லாம் பேசித் தீராமல் பிடிமண் கை மாறாது. மழை பொய்த்த வருஷத்தில் எப்படியாவது புரவி எடுத்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு இருக்கும். அந்தத் தவிப்பே பாதிச் சண்டையைத் தீர்த்துவைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊருக்குப் புரவி செய்து தரும் வேளார் ஒருவரிடம், பிடிமண் இல்லாமல் குதிரை செய்ய மாட்டீர்களா என்று கேட்டேன். "செய்வேனே ஆச்சி. ஓட்டலுக்குக் கேக்குறாங்க, பங்களாவுக்குக் கேக்குறாங்க, செஞ்சுதான் குடுக்குறேன். அது பொம்மை. ஊரு மண்ணு குடுத்துச் செஞ்சாத்தான் அது புரவி" என்றார். அதே கை, அதே கண்மாய்க் களிமண், அதே சூளை. கொடுத்தது யார், கேட்டது யார் என்பது மட்டும்தான் வேறு.

பழைய நாகரிகங்களின் மதத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்தப் பதில் எனக்குக் கூடவே வருகிறது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சுடுமண் உருவம் இருந்தால் நாம் கேட்கும் முதல் கேள்வி, இது என்ன சாமி, இதற்கு என்ன அர்த்தம் என்பதுதான். நான் இப்போதெல்லாம் வேறு ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். இதற்கு மண் கொடுத்தது யார்? சுமந்தது யார்? யாரைச் சுமக்கவிடவில்லை? ஒரு சமூகத்தின் மதம் அதன் சின்னங்களில் வரைந்திருக்கும் உருவத்தைவிட இந்தக் கேள்விகளில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

புரவி செய்வதைக் கிட்ட இருந்து பார்த்தால் இது இன்னும் விளங்கும். களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்துக் காலால் மிதித்துப் பதப்படுத்துவார்கள். முதலில் நான்கு கால்கள், உள்ளே கூடாக, குழாய் குழாயாக எழும். அவை பாரம் தாங்கும் அளவுக்கு இறுகியபிறகு வயிறு. வயிற்றை ஒரே மூச்சில் எழுப்ப முடியாது. கீழே காய்ந்தால்தான் மேலே ஏற்றலாம், முழுக்கக் காய்ந்துவிட்டால் மேலே வைக்கும் மண் ஒட்டாது. ஈரத் துணியைப் போட்டுப் போட்டு எடுக்க வேண்டும். அடி வயிற்றில் ஓட்டை விடுவார்கள். இல்லையென்றால் சூளையில் ஆவி வெளியேற வழியில்லாமல் வெடித்துவிடும். கழுத்து, தலை, கடைசியாகக் காது. மணி, சலங்கை, சேணம் எல்லாம் மண்ணிலேயே தனித்தனியாகச் செய்து ஒட்டுவார்கள். நிழலில் உலர்த்திச் சூளையில் அடுக்கி, வைக்கோலும் விறகும் எருவும் போட்டு மூடிச் சுடுவார்கள். வண்ணம் அப்புறம். கண் கடைசியில்தான். கண் திறக்கும்வரை அதை யாரும் கும்பிடுவதில்லை. கண் திறந்தபிறகு யாரும் செருப்புக் காலோடு பக்கத்தில் போவதில்லை. இத்தனை நாளும் அந்த வீட்டில் விரதம்தான். எங்கள் பக்கத்து ஐயனார் கோயில்கள் பலவற்றில் வேளாரே பூசாரியும்கூட. சாமியின் வாகனத்தைச் செய்கிறவரே சாமிக்குத் தீபம் காட்டுகிறவரும்.

இந்தப் பிடிமண்ணுக்கு நான்காயிரம் ஆண்டுக்கு முந்தைய உறவு ஒன்று இருக்கிறது. உறவு என்று நான் சொல்வது வழிவழியாக வந்த தொடர்பை அல்ல. அங்கிருந்து இங்கே வந்தது, இங்கிருந்து அங்கே போனது என்று கதை கட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. மனிதர்கள் ஒரே தேவைக்கு ஒரே மாதிரி வழி கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் போதும். இன்றைய ஈராக்கின் தெற்கே லகாஷ் என்ற சுமேரிய அரசு இருந்தது. அதை ஆண்ட குதேயா, கி.மு. 22ஆம் நூற்றாண்டில், நிங்கிர்சு என்ற தன் கடவுளுக்குக் கோயில் கட்டிய கதையை இரண்டு பெரிய களிமண் உருளைகளில் ஆப்பெழுத்தில் எழுதிவைத்தான். 1877இல் அந்த நாட்டின் தெல்லோ என்ற இடத்தில் கிடைத்த அந்த உருளைகள் இப்போது பாரிசில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதில் முதல் செங்கல்லுக்கு மட்டும் அவ்வளவு இடம் கொடுத்திருக்கிறான். மண்ணில் தேனும் நெய்யும் வாசனை எண்ணெயும் கலந்து, தானே கூடையைத் தூக்கி, அச்சில் மண்ணை இட்டு எடுக்கிறான். அவனுக்கும் நானூறு ஆண்டு முன்னால் அதே நாட்டை ஆண்ட ஊர்நான்ஷேயின் கற்பலகையிலும் ராஜா தலையில் மண்கூடையோடு நிற்கிறார். எதிரே அவர் குடும்பம். பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயரும் அவரவர் உடையின் மேலேயே பொறித்திருக்கிறது.

ராஜா கூலியாள் வேலையா பார்த்தார்? அன்றைக்கு ஒரு நாள், அத்தனை பேர் முன்னிலையில், பார்த்தார். கோயில் என்பது அந்த ஊரின் நிலம், தானியம், நெசவு, கால்நடை எல்லாம் வந்து சேரும் இடம். அங்கே முதல் மண்ணைத் தூக்குகிற கைதான் மற்ற எல்லாவற்றுக்கும் உரிமை கொண்டாடும் கை. எங்கள் ஊர்ப் பெரியவர் பிடிமண்ணை நீட்டும்போது அவர் முகத்தில் வரும் கம்பீரத்தைப் பார்த்தவர்களுக்கு ஊர்நான்ஷேயின் கூடை புரியாத புதிராக இருக்காது.

ஒரு வேறுபாடும் உண்டு. சுமேரிய ராஜா பெயரைப் பொறித்துவிட்டுப் போனார். நான் பார்த்த மண் குதிரைகளில் பெயர் கிடையாது. இது இன்னார் வீட்டு நேர்த்திக்கடன், பிள்ளைக்குக் காய்ச்சல் சரியானதற்கு வைத்தது என்று ஊருக்குத் தெரியும். ஊர் மறந்தால் அந்தக் குதிரைக்கு விலாசம் இல்லை.

சைப்ரஸ் தீவில் ஐயா இரினி என்றொரு ஊர். 1929இல் அந்த ஊர்ப் பாதிரியார் ஒருவர் ஒரு சுடுமண் சிலையின் துண்டை நிக்கோசியா அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க, ஸ்வீடன் நாட்டுத் தொல்லியல் குழு அங்கே தோண்டியது. ஒரு திறந்தவெளிக் கோயில். நடுவில் பலிபீடம். அதைச் சுற்றி அரைவட்டமாகச் சுமார் 2000 சுடுமண் உருவங்கள், வைத்தது வைத்தபடி. விரலளவு உருவங்கள் முன்வரிசையில், ஆள் உயரச் சிலைகள் பின்னால். தேரில் பூட்டிய குதிரைகள், காளைகள், போர்வீரர்கள். ஏறக்குறைய எல்லாமே ஆண் உருவங்கள். வெள்ளம் கொண்டுவந்த சேறு மூடியதால் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் அந்த வரிசை குலையாமல் இருந்தது. இன்று அவற்றில் ஒரு பகுதி நிக்கோசியாவிலும் இன்னொரு பகுதி ஸ்டாக்ஹோமிலும் நிற்கின்றன.

நமணசமுத்திரம் பக்கம் ஐயனார் கோயிலுக்குப் போகும் பாதையின் இரண்டு புறமும் அணிவகுத்து நிற்கும் குதிரைகளைப் பார்த்தவர்கள் ஐயா இரினியின் படத்தைப் பார்த்தால் பேச்சிழந்து நிற்பார்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் படத்தில் இல்லாதது ஒன்று உண்டு. நம் கோயில்களில் புதுக் குதிரைக்குப் பின்னால் பழையது நிற்கும், அதற்கும் பின்னால் காது உடைந்தது, கால் போனது, மழையில் கரைந்து வெறும் கழுத்து மட்டும் மிஞ்சியது. பழையதை யாரும் செப்பனிடுவதில்லை, அகற்றுவதும் இல்லை. வைத்ததோடு கடன் தீர்ந்தது. அதன்பிறகு அது மண்ணுக்குத் திரும்பலாம். வேண்டுதலுக்கு வைக்கும் மதலைகளும் அப்படியே. குழந்தை வரம் கேட்டு வைத்த மண் பிள்ளைகள் மரத்தடியில் சாய்ந்து கிடக்கும். அந்தப் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, சிங்கப்பூரில் வேலை பார்ப்பார்கள்.

ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் கிடைத்த சுடுமண் உருவங்களில் பெரும்பாலானவை உடைந்தவை, குப்பையோடு குப்பையாகக் கிடைத்தவை. அதனால் அவை விளையாட்டுப் பொம்மைகளாகத்தான் இருக்க வேண்டும், புனிதமானதைக் குப்பையில் போடுவார்களா என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஐயனார் கோயில் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்த வாதம் நிற்காது. புனிதம் வைக்கும் அந்தக் கணத்தில் இருக்கலாம், பொருள் அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போகலாம். மாறாக, மொகஞ்சதாரோவில் கிடைத்த புகழ்பெற்ற அந்தச் சிறு முத்திரையை, கொம்பு வைத்த தலையும் சுற்றிலும் விலங்குகளுமாக உட்கார்ந்திருக்கும் உருவத்தை, சிவனின் முன்வடிவம் என்று தொல்லியலாளர் ஜான் மார்ஷல் 1931இல் எழுதியதிலிருந்து இன்றுவரை சண்டை ஓயவில்லை. எழுத்தைப் படிக்க முடியாத ஓர் ஊரின் சாமிக்குப் பெயர் வைக்கும் வேலையில் எனக்கு ஆர்வம் குறைவு. அந்த முத்திரையை யார் வைத்திருந்தார்கள், எந்தச் சரக்கு மூட்டையின் மேல் அழுத்தினார்கள் என்பது கண்டுபிடிக்கப்படும் நாளுக்காகத்தான் காத்திருக்கிறேன்.

கீழடியையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன். அதுவும் எங்கள் சிவகங்கை மாவட்டம்தான். அதன் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை போகும் என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அறிவித்ததிலிருந்து, அங்கே மதமே இல்லை என்று ஒரு தரப்பும், இருந்தே தீரவேண்டும் என்று இன்னொரு தரப்பும் மல்லுக்கு நிற்கின்றன. பிடிமண் எந்தக் குழியிலும் கிடைக்காது. வெற்றிலை பாக்கு கிடைக்காது. கோபித்துக்கொண்ட பங்காளியை அழைக்கப் போன நடை கிடைக்காது. சிலை கிடைக்கவில்லை என்பதை வைத்து எந்தத் தரப்பும் ஜெயித்துவிட முடியாது.

சரி, செட்டிநாட்டுச் செட்டியார்களான எங்கள் நகரத்தார் வழக்கத்துக்கு வருகிறேன். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்று ஒன்பது கோயில்கள். ஒவ்வொரு நகரத்தார் குடும்பமும் இதில் ஒன்றைச் சேர்ந்தது. ஒரே கோயிலில் ஒரே பிரிவைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள், அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. கல்யாணம் என்றால் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். மணமானவுடன் அந்த ஆண்மகன் ஒரு புள்ளி ஆகிறார். ஊரில், கோயிலில் கணக்கெடுப்பது தலையை எண்ணி அல்ல, புள்ளியை எண்ணித்தான். பெண் மணமானதும் கணவரின் கோயிலுக்குப் போகிறாள். நான் பிறந்த கோயில் வேறு, இன்று என் வீட்டுக்கு மாலை வரும் கோயில் வேறு.

பழைய கிரேக்க நகரமான ஏதென்சில் இதற்கு மிக நெருக்கமான ஓர் ஏற்பாடு இருந்தது. ஃபிராத்ரி என்பார்கள், பங்காளிக் கூட்டம் போன்றது. ஆண்டுதோறும் அபதூரியா என்ற திருவிழாவில், தகப்பன் தன் பிள்ளையைக் கொண்டுவந்து, இது முறையாக மணந்த மனைவிக்குப் பிறந்தது என்று பலிபீடத்தின் முன் சத்தியம் செய்து கூட்டத்தில் சேர்ப்பான். கல்யாணம் முடித்தவன் கமேலியா என்று ஒரு பலியும் விருந்தும் தன் ஃபிராத்ரிக்குக் கொடுக்க வேண்டும். பின்னால் ஒரு வழக்கு வந்து, இவள் முறையான மனைவியா என்ற கேள்வி எழுந்தால், கமேலியா கொடுத்தானா என்று நீதிமன்றத்தில் கேட்பார்கள். கி.மு. 508வாக்கில் கிளைஸ்தனீஸ் என்ற தலைவர் ஏதென்சின் குடியுரிமையை ஊர்வாரியாக மாற்றியமைத்தபோதும் இந்தக் கூட்டங்களில் கை வைக்கவில்லை. வைத்திருந்தால் அவருடைய ஜனநாயகம் ஒரு பருவம்கூடத் தாங்கியிருக்காது என்றே நினைக்கிறேன். எங்கள் திருமணத்தில் கோயில் மாலை வந்து சேரும்வரை பெரியவர்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது பூவுக்காக அல்லவே.

வாசல் என்றதும் இன்னொன்று. செட்டிநாட்டு வீடுகளின் வாசல் நிலைக்கு மேலே கஜலட்சுமி இருப்பாள், இரண்டு பக்கமும் யானைகள் நீர் வார்க்க. இது வடக்கே சாஞ்சி, பார்ஹுத் பௌத்தத் தூபிகளில் ஈராயிரம் ஆண்டு முன்பே கல்லில் இருக்கிறது. நம் கலித்தொகையின் 44ஆம் பாட்டில், வேங்கை மரத்தின்மேல் இரண்டு மலைகளிலிருந்தும் அருவி விழுவது, தாமரையில் வீற்றிருக்கும் திருவுக்கு யானைகள் நீர் சொரிவதுபோல் இருக்கிறது. நெடுநல்வாடையில் அரண்மனை வாசல் வருகிறது. அந்த நிலைக்கு நெய் பூசி, வெண்கடுகு அப்பியிருக்கிறார்கள். அதை இறுக்கிப் பொருத்திய கைதேர்ந்த கம்மியனையும் புலவர் மறக்காமல் சொல்கிறார். அந்தத் தச்சனைச் சொன்னதற்காகவே நக்கீரர்மேல் எனக்குத் தனி அன்பு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இன்று பழைய நிலைகள் விலைக்குச் சாய்ந்து நிற்கின்றன. லட்சுமி அப்படியே இருக்கிறாள், யானைகளும் அப்படியே. நிலை வைத்த அன்று தச்சருக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்த வீடு மட்டும் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் சேர்த்துவைக்கும் முகம். விலக்கிவைக்கும் முகம் ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவி. சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயிலின் ஆனித் தேர். உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இரவுசேரி என்று நான்கு நாட்டாருக்கும் தேர்வடத்தில் உரிமை. நாடு என்பது இங்கே பல ஊர்கள் சேர்ந்த கூட்டு. அந்த நாடுகளுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தலித் மக்கள் வடத்தைத் தொடக்கூடாது என்று தடுத்தார்கள். 1990களின் இறுதியில் அவர்கள் உரிமை கேட்டபோது மோதல், வழக்கு, நீதிமன்ற உத்தரவு, போலீஸ் காவல். பல வருஷம் தேர் ஓடவே இல்லை. 2024 ஜூனில்தான் எல்லாச் சமூகத்தாரும் வடம் பிடிக்க, ஊரே போலீசாக நிற்க, மறுபடி ஓடியது. தேரில் இருக்கும் சாமியைப் பற்றி இந்த இரண்டு தரப்புக்கும் கருத்து வேறுபாடே இல்லை. ஒரே சாமி, ஒரே பக்தி. சண்டை முழுக்க ஒரு கயிற்றில்.

வெறும் கயிறுதானே என்று சொல்கிறவர்களுக்கு ஏதென்சின் கதையைச் சொல்வேன். பானதெனாயா என்று அங்கே அதீனா தேவிக்கு ஒரு பெருவிழா. தேவிக்கு நெய்த புது ஆடையைக் கொண்டுபோகும் ஊர்வலத்தில் யார் எதைத் தூக்குவது என்பது கண்டிப்பான வரிசை. நல்ல குடும்பத்துக் கன்னிப் பெண்கள் பூசைக்கூடை. குடியுரிமை இல்லாத வெளியூர்க்காரர்கள் தேனடையும் பலகாரமும் வைத்த தட்டு. பார்த்தினான் கோயிலின் மேலே ஏறக்குறைய 160 மீட்டர் நீளத்துக்குச் செதுக்கிய ஊர்வலம் இந்த விழாதான் என்பது பெரும்பாலான அறிஞர்கள் கருத்து. அதிலும் அதிக இடம் குதிரைகளுக்குத்தான். அந்த விழாவில் கி.மு. 514இல் ஒரு கொலை நடந்தது. ஆட்சியில் இருந்த ஹிப்பியாசின் தம்பி ஹிப்பார்க்கஸ், ஹார்மோதியஸ் என்ற இளைஞன்மேல் கொண்ட ஆசை நிறைவேறாத கோபத்தில், அவன் தங்கையைக் கூடை தூக்க வரச்சொல்லிவிட்டு, வந்தபிறகு, உனக்குத் தகுதி இல்லை, உன்னைக் கூப்பிடவே இல்லை என்று திருப்பி அனுப்பினான். ஹார்மோதியசும் அவன் தோழன் அரிஸ்தகைத்தனும் ஹிப்பார்க்கசைக் குத்திக் கொன்றார்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பின்னாளில் ஏதென்ஸ் மக்கள் அந்த இருவருக்கும் சிலை வைத்து, சுதந்திரத்தின் காவலர்கள் என்று கொண்டாடினார்கள்.

ஒரு பெண்ணின் தலையில் கூடை ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நடுவில் அவ்வளவு இருந்தது. கண்டதேவி வடத்தைத் தொட விடாமல் தடுக்கப்பட்டவர்கள் ஊரைவிட்டே தள்ளி நிறுத்தப்பட்டதாக உணர்ந்ததில் மிகை எதுவும் இல்லை.

எங்கள் ஊர் புரவியெடுப்பிலும் இது இருக்கிறது. காலனிக்காரர்கள், அதாவது எங்கள் ஊர் தலித் மக்கள், கொட்டு முழக்க வர வேண்டும், பந்தல் போட வர வேண்டும், ஆனால் அவர்கள் வைக்கும் புரவி கடைசியில், தனி வழியில் போகும். சின்ன வயதில் இதை நான் கவனித்ததே இல்லை. வரிசை என்றால் அப்படித்தான் என்று கண்ணுக்குப் பழகியிருந்தது. பெண்களும் புரவியைத் தொடுவதில்லை. பின்னால் நடந்து போவோம், குலவை போடுவோம்.

இப்போது ஊரில் புதிதாக ஒரு பேச்சு. வருஷா வருஷம் மண் குதிரைக்குச் செலவு, சூளையில் உடைந்தால் மறுபடி செலவு, தூக்க ஆளும் இல்லை, பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். ஒரே தடவையாக சிமெண்டில் பெரிய குதிரை கட்டிவிடலாம், வண்ணம் மட்டும் அவ்வப்போது அடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். பல ஊர்களில் கட்டியும்விட்டார்கள், பிரம்மாண்டமாக நிற்கின்றன. நான் இதற்கு ஒப்பவில்லை. மண் குதிரை கரைவதால்தான் ஊர் மறுபடி கூட வேண்டியிருக்கிறது. கரையாத குதிரைக்குப் பிடிமண் எதற்கு, வரி எதற்கு, பங்காளியை அழைப்பது எதற்கு? வேளாருக்கு வேலையும் இல்லை, விரதமும் இல்லை. அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பேச வேண்டியிருந்தால்தான் வரிசையை மாற்றும் பேச்சுக்கும் இடம் இருக்கும். சிமெண்டில் கட்டினால் இன்றைய வரிசையும் அதோடு சேர்ந்து இறுகிவிடும்.

ஊர்க் கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை என்பதால் என் கருத்தை எழுதி, பெரியவர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மண் குதிரைக்கு என்றால் எங்கள் வீட்டுப் பங்குக்கு மேலேயே தருகிறோம். காலனிக்காரர்களின் புரவியும் அதே பொட்டலில் இருந்து, அதே வழியில், மற்றவற்றோடு கலந்தே புறப்பட வேண்டும். பிடிமண் கொடுக்கும்போது அவர்கள் தரப்பில் ஒருவர் கையும் அதில் படவேண்டும். அம்பலகாரர் படித்துவிட்டு, முதல் பாதி சரி, மற்றதை ஆடிக்குள் பேசலாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். ஆடிக்குள் பேசுவதாகச் சொன்னதை நான் விடப்போவதில்லை.